மார்கரெட் பாஸ்டன் யார் வீட்டுப் பெண்? இடைக்கால ஆங்கிலப் பெண்ணின் கொடிவழி தேடுவோர் கேட்கும் கேள்விகள்

15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பாஸ்டன் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களை நண்பர்களோடு சேர்ந்து படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, கடிதங்களைப் பற்றிக் கேட்பவர்களைவிட அவற்றை அனுப்பிய பெண்ணின் பிறந்த வீட்டைப் பற்றிக் கேட்பவர்களையே அதிகம் சந்தித்திருக்கிறேன். கணவர் பெயர் தெரிகிறது, பிள்ளைகள் பெயர் தெரிகிறது, அவள் யார் மகள் என்பது மட்டும் எப்படித் தெரியவந்தது என்பதே பெரும்பாலானோரின் ஐயம். ஒரே விடையைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக, கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மார்கரெட் பாஸ்டன் என்பவர் யார்? இத்தனை பெண்கள் இருக்க இவரையே ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்?

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த நிலவுடைமைக் குடும்பத்துப் பெண். 1440-ஐ ஒட்டி ஜான் பாஸ்டனை மணந்தார். கணவர் வழக்குகளுக்காக லண்டனிலேயே தங்கிவிட்ட ஆண்டுகளில் குத்தகை, விளைச்சல், அண்டைப் பிரபுக்களின் அத்துமீறல் என எல்லாவற்றையும் ஊரில் இருந்தபடி சமாளித்தவர் இவரே. 1466-ல் கணவரை இழந்த இவர், 1484 நவம்பர் 4 அன்று காலமானார். இவர் பெயரில் நூறு கடிதங்களுக்கு மேல் எஞ்சியிருக்கின்றன. அவற்றை இவர் சொல்லச் சொல்ல வேறு பலர் எழுதினார்கள் என்பது கையெழுத்துகளிலிருந்து தெரிகிறது.

இவர் காலத்துப் பெண்களில் மிகப் பலருக்கு ஏதோ ஒரு பத்திரத்தில் ஒரு வரி கிடைத்தாலே பெரிய பேறு. இவருக்கோ கடிதமும் இருக்கிறது, உயிலும் இருக்கிறது, குடும்பத்தின் நில ஆவணங்களும் இருக்கின்றன. ஒன்று சொல்வதை மற்றொன்றோடு வைத்துச் சரிபார்க்க முடியும் என்பதால், தேடும் முறையைக் கற்றுக்கொள்ள இவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தென்படவில்லை.

ஜென்ட்ரி என்கிறார்களே, அவர்கள் பிரபுக்களா, பணக்கார விவசாயிகளா?

இரண்டுக்கும் இடைப்பட்டவர்கள். நாடாளுமன்றத்தில் பரம்பரை இருக்கை பெற்ற பிரபுக்களுக்குக் கீழே, தம் கையால் உழுது பிழைத்தவர்களுக்கு மேலே, பிறர் உழைக்கும் நிலத்தின் வருவாயில் வாழ்ந்த குடும்பங்கள் இவை. அவர்களுக்குள் நைட், எஸ்குவயர், ஜென்டில்மேன் என்று இறங்குவரிசை உண்டு. 1413-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குறிப்பிட்ட வழக்குகளில் பிரதிவாதியின் பெயரோடு அவரது தகுதியையோ தொழிலையோ குறிப்பிட வேண்டும் என்று விதித்தது. அதன் பிறகு ஆவணங்களில் இந்தப் பட்டங்கள் அடிக்கடி தென்படுகின்றன. ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்தறிய அவை பெரிதும் உதவுகின்றன.

ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தால் பிறந்த தேதி தெரிந்துவிடாதா?

தெரியாது, அப்படி ஒரு பதிவேடு அன்று இல்லை. ஆங்கிலத் தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்ற ஆணை 1538-ல்தான், தாமஸ் கிராம்வெல் காலத்தில் பிறந்தது. மார்கரெட் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இறந்துவிட்டார். அவர் 1420-களின் தொடக்கத்தில் பிறந்திருக்கலாம் என்பது திருமணக் காலத்தைக் கொண்டு செய்யும் கணிப்பு மட்டுமே. இணையத்தில் உலவும் வம்சாவளிகளில் இந்தக் காலத்துப் பெண் ஒருத்திக்கு நாள், மாதம், ஆண்டு மூன்றும் துல்லியமாகக் கொடுக்கப்பட்டிருந்தால், அந்தத் தேதி எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள்.

பிறப்பே பதிவாகவில்லை என்றால் எங்கிருந்துதான் தொடங்குவது?

இறப்பிலிருந்து. நமக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் இடைக்கால இங்கிலாந்தில் ஒரு பெண் ஆவணத்தில் இடம்பெற்றதே நிலம் கைமாறும்போதுதான். அவள் மணமாகும்போது ஒருமுறை, கணவன் இறக்கும்போது ஒருமுறை, அவளே இறக்கும்போது ஒருமுறை நிலம் கைமாறும். ஆகவே கடைசி ஆவணத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி ஏறுவதே வழி.

பெண் எழுதிய உயிலைத் தேடுபவர்கள் அவள் கைம்பெண்ணாக இருந்த காலத்தைப் பார்க்க வேண்டும். கணவன் உயிரோடிருக்கும்போது அவன் இசைவில்லாமல் மனைவி உயில் எழுத முடியாது. மணமான பெண்களின் உயில்கள் அரிதாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம். மார்கரெட்டின் உயில் அவர் கைம்பெண்ணாகிப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான பிறகு எழுதப்பட்டது.

'இறப்புக்குப் பிந்தைய விசாரணை' என்று ஓர் ஆவணத்தைச் சொல்கிறார்களே, கொலை வழக்கா அது?

இல்லை, அது முழுக்க முழுக்க நில விவகாரம். அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற ஒருவர் இறந்தால், எஸ்கீட்டர் என்ற அரசு அதிகாரி அந்த வட்டாரத்து மனிதர்களை ஜூரர்களாகக் கூட்டுவார். இறந்தவர் என்றைக்கு இறந்தார், என்ன நிலம் வைத்திருந்தார், அடுத்த வாரிசு யார், வாரிசுக்கு என்ன வயது என்று அவர்களிடம் சத்தியப் பிரமாணத்தோடு கேட்டு எழுதிக்கொள்வார். 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த ஆவணங்கள் உண்டு; லண்டனை ஒட்டிய கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன.

இதில் இறந்த நாளை நம்பலாம், வாரிசின் பெயரை நம்பலாம். வயதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 'முப்பது வயதும் அதற்கு மேலும்' என்று எழுதியிருந்தால், வாரிசு உரிய வயதை எப்போதோ கடந்துவிட்டார் என்பது மட்டுமே பொருள். ஐம்பது வயதுக்காரரையும் அப்படி எழுதியிருக்கிறார்கள். வாரிசு சிறுவனாக இருந்தால் கணக்குத் துல்லியமாக இருக்கும். ஏனென்றால் ஆண் வாரிசுக்கு 21 வயது ஆகும் வரை அவனது நிலத்தின் வருவாய் காப்பாளருக்குப் போய்ச் சேரும். பெண் வாரிசுக்கு மணமாகியிருந்தால் 14, இல்லாவிட்டால் 16. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் வயதைச் சரியாகத்தான் எண்ணினார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் குடும்பப் பெயர் என்ன என்பதை எந்தப் பத்திரம் சொல்லும்?

நேராகச் சொல்லும் பத்திரங்கள் குறைவு. மறைமுகமாகச் சொல்லுபவை ஏராளம். அவற்றுள் முதலில் பார்க்க வேண்டியது 'ஃபைன்' எனப்படும் நில உடன்படிக்கை. இருதரப்பும் பேச்சுக்கு ஒரு வழக்குத் தொடுத்து, நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்வதுபோல் எழுதிக்கொள்வார்கள். ஒரே தோலில் அதே வாசகத்தை மூன்று முறை எழுதி, இடையில் அலையலையாக வெட்டி, இரண்டு படிகளைத் தரப்பினருக்குக் கொடுத்துவிட்டு, அடிப்பகுதியில் உள்ள மூன்றாவதை நீதிமன்றம் வைத்துக்கொள்ளும். பின்னாளில் எவராவது போலிப் படியைக் கொண்டுவந்தால் வெட்டு விளிம்பு பொருந்தாது. மூன்றாம் படியைச் சேமிக்கும் வழக்கம் 1195-ல் தொடங்கியது.

இதைப் படிக்கும்போது கண் வைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து நிலத்தை விற்கிறார்கள்; உரிமைக்குப் பொறுப்பேற்கும் இடத்தில் 'தாங்களும் மனைவியின் வாரிசுகளும்' என்று எழுதியிருக்கிறது. கணவனின் வாரிசுகள் என்று எழுதவில்லை. அப்படியானால் அந்த நிலம் பெரும்பாலும் அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. இனி அந்த ஊர் நிலத்தை முந்தைய தலைமுறையில் யார் வைத்திருந்தார் என்று தேடினால் அவள் தகப்பன் வீடு அகப்படும். பெண்ணின் பெயர் மாறிவிடும், நிலத்தின் பெயர் மாறாது.

மார்கரெட் விஷயத்தில் எது அந்தச் சான்று?

அவரது உயில். தன் கல்லறைக் கல்லில் என்ன எழுத வேண்டும் என்று அதில் அவரே சொல்லியிருக்கிறார்: ஜான் பாஸ்டனின் மனைவியாக இருந்தவர், ஜான் மாட்பி என்ற எஸ்குவயரின் மகளும் வாரிசுமான மார்கரெட் பாஸ்டன் இங்கே கிடக்கிறார் என்பது அதன் சாரம். இந்த ஒரு வரியை நிறுத்தி வாசித்தால் நான்கு செய்திகள் கிடைக்கின்றன. தந்தை பெயர் ஜான் மாட்பி. அவர் தகுதி எஸ்குவயர், நைட் அல்லர். 'வாரிசு' என்பதால் உரிமை கோர உடன்பிறந்த ஆண் எவரும் எஞ்சவில்லை. உடன்பிறந்த பெண்கள் இருந்திருந்தால் ஆங்கிலச் சட்டப்படி சொத்து அவர்களுக்குள் சமமாகப் பிரிந்திருக்கும். அப்போது 'வாரிசுகளில் ஒருத்தி' என்றுதான் எழுதுவார்கள். ஆக, அவர் ஒற்றை வாரிசு.

ஜான் மாட்பி 1433-ல் இறந்தார். மாட்பி என்பது குடும்பப் பெயர் மட்டுமல்ல, கிரேட் யார்மத் அருகில் உள்ள சிற்றூரின் பெயரும்கூட. மகனுக்கு அந்த ஊர் நிலத்தோடு வரும் பெண்ணைப் பார்த்த மாமனார் வில்லியம் பாஸ்டன் ஒரு நீதிபதி, கணக்குத் தெரிந்தவர்.

உயிலில் நான்கு கேடயங்கள் வருகின்றனவாமே, அவையே ஒரு வம்சாவளி என்று சொல்லலாமா?

ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் அதில் ஓட்டைகளும் உண்டு. கல்லின் நடுவில் மாட்பி குடும்பச் சின்னம் தனியாக இருக்க வேண்டும் என்கிறார். நான்கு மூலைகளுக்கும் ஒவ்வொரு கேடயம். முதலாவதில் கணவர் சின்னமும் தன் சின்னமும். இரண்டாவதில் மாட்பியும் ரீடம் ஊர் பர்னியும். மூன்றாவதில் மாட்பியும் லவேன் பிரபுவும். நான்காவதில் மாட்பியும் சர் ரோஜர் பீச்சமும். கேடயத்தை நெட்டுவாக்கில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் கணவன் வீட்டையும் மறு பாதியில் மனைவி வீட்டையும் வரைவது வழக்கம் என்பதால், ஒவ்வொரு கேடயமும் ஒரு கல்யாணம்.

இரண்டாவது கேடயம் அவரது பெற்றோர். தாய் மார்ஜரி, ரீடம் ஊர் பர்னி குடும்பத்துப் பெண் என்பது பிற சான்றுகளாலும் உறுதி. அப்படியானால் மூன்றாவதும் நான்காவதும் ஒவ்வொரு தலைமுறையாக மேலேறும் மாட்பி ஆண்களின் கல்யாணங்கள் என்று வரிசையைக் கொண்டு ஊகிப்பது இயல்பு. ஆனால் கேடயம் பெண்ணின் பெயரைச் சொல்லாது, ஆண்டைச் சொல்லாது, எத்தனையாவது தலைமுறை என்றும் சொல்லாது. எனவே அதை வழிகாட்டிப் பலகையாக வைத்துக்கொண்டு, அந்தந்தத் தலைமுறையின் ஃபைனையும் விசாரணை ஆவணத்தையும் தேடிப் போக வேண்டும்.

இந்த உயிலில் என்னைத் தடுத்து நிறுத்தும் இடம் வேறொன்று. நான்கு கேடயங்களில் பாஸ்டன் சின்னம் ஒன்றில்தான் வருகிறது. மாட்பி சின்னமோ நான்கிலும் வருவதோடு நடுவிலும் தனித்து நிற்கிறது. கணவர் பிராம்ஹோம் மடத்தில் அடக்கமாகியிருக்க, இவர் தன் முன்னோர் கிடக்கும் மாட்பி தேவாலயத்தில் இடம் கேட்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் பாஸ்டன் என்ற பெயரோடு வாழ்ந்தவர், தன்னை யார் வீட்டுப் பெண்ணாக எண்ணிக்கொண்டார் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

பீச்சம் என்றால் வாரிக் பிரபுக்கள்தானே? அப்படியானால் அரச குடும்பம் வரை போகலாமே?

அவசரப்பட வேண்டாம். பீச்சம் என்ற பெயரில் இங்கிலாந்தில் பல கிளைகள் இருந்தன. வாரிக் பிரபுக்கள் அவற்றில் மிகப் புகழ்பெற்றவர்கள், அவ்வளவுதான். ரோஜர் என்ற பெயரும் அந்தக் கிளைகளில் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பெயர் ஒற்றுமையை வைத்து ஒரு தாவலில் பிரபு வம்சத்துக்குப் போய்விடுபவர்களே அதிகம். இந்த ரோஜருக்கும் அந்தப் பிரபுக்களுக்கும் நடுவே ஒவ்வொரு தலைமுறைக்கும் தனித்தனி ஆவணம் இருந்தால்தான் கோடு இழுக்கலாம். இல்லாவிட்டால் ரோஜரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

தாய்வழியைத் தேடினால் பெயர் மாறிக்கொண்டே போகிறதே, எப்படிப் பின்தொடர்வது?

மறுமணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கைம்பெண் மறுமணம் செய்வது அந்த வர்க்கத்தில் மிகச் சாதாரணம். இறந்த கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவள் உயிரோடிருக்கும் வரை அவளுக்கு உண்டு என்பதால், அவளைத் தேடி வருவோரும் உண்டு. மார்கரெட்டின் தாய் பிறப்பால் மார்ஜரி பர்னி, முதல் திருமணத்தால் மார்ஜரி மாட்பி, கணவர் இறந்தபின் கெல்டெஸ்டன் ஊரைச் சேர்ந்த ரால்ஃப் கார்னிஸை மணந்து மார்ஜரி கார்னிஸ். மூன்று பெயரும் ஒரே ஆள் என்பது தெரியாமல் மூன்று பெண்களாக எழுதிவைத்தவர்களும் இருக்கிறார்கள்.

இத்தகைய மறுமணங்களுக்கு ஊர்ப் பெயர் நல்ல துப்பு. மார்கரெட்டின் தொடக்ககாலக் கடிதங்களில் சில கெல்டெஸ்டனிலிருந்து எழுதப்பட்டவை. பாஸ்டன்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டுப் பார்த்தால் விடை கார்னிஸ் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்.

கடிதத்தில் 'என் அப்பா', 'என் அம்மா' என்றே எழுதியிருக்கிறாரே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது; நம் வாசகர்கள் வழுக்கி விழும் இடம் இது. 1443 செப்டம்பரில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் 'என் தந்தை கார்னிஸ்' அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார் என்று மார்கரெட் எழுதுகிறார். சொந்தத் தந்தை இறந்து பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இவர் தாயின் இரண்டாவது கணவர். அதே கடிதத்தில், நோயுற்ற கணவருக்காக 'என் அம்மா' மெழுகுப் படிமம் நேர்ந்துகொண்டதாக வருகிறது. அந்த அம்மா பெரும்பாலும் மாமியார் ஆக்னஸ்தான். கடிதம் எழுதப்பட்ட ஆக்ஸ்னெட் வீடு ஆக்னஸுடையது. மாமியாரைத் தாய் என்றும், மருமகனை மகன் என்றும், மைத்துனரைச் சகோதரர் என்றும் அழைப்பது அன்றைய மரியாதை. 'கசின்' என்ற சொல்லோ இன்னும் மோசம். சித்தப்பா மகனிலிருந்து ஆறேழு தலைமுறை தள்ளிய உறவுவரை எல்லாரும் அதற்குள் அடக்கம். லத்தீன் ஆவணங்களில் வரும் 'நெபோஸ்' பேரனாகவும் இருக்கலாம், உடன்பிறந்தாரின் மகனாகவும் இருக்கலாம்.

கார்னிஸோடு 'என் ஈம்' என்று ஒருவரும் வருவதாக அதே வரியில் எழுதியிருக்கிறார். 'ஈம்' என்பது பழைய ஆங்கிலத்தில் தாய்மாமனுக்கு உரிய சொல். நம்மைப் போலவே தாய்வழி மாமனுக்குத் தனிச்சொல் வைத்திருந்த மொழி அது. மார்கரெட் காலத்துக்குள் அது மாமா, சித்தப்பா எவருக்கும் பொதுவாகத் தேய்ந்துவிட்டது. ஆகவே இதை மட்டும் வைத்து பர்னி வீட்டு மாமன் என்று முடிவுகட்ட முடியாது. தமிழில் பெயர்ப்பவர்கள் ஏதோ ஓர் உறவுச் சொல்லைத் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்ந்த அந்த நொடியில் ஒரு வம்சாவளி முடிவையும் எடுத்துவிடுகிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

இரண்டு மகன்களுக்கும் ஜான் என்றே பெயரா? அச்சுப் பிழையா?

பிழை இல்லை. மூத்தவர் 1442-லும் அடுத்தவர் 1444-லும் பிறந்தார்கள்; இருவரும் ஜான், தந்தையும் ஜான். ஞானப் பெற்றோரின் பெயரைக் குழந்தைக்கு இடும் வழக்கத்தால் இப்படி நேர்வது உண்டு. ஆய்வாளர்கள் இவர்களை முதலாம், இரண்டாம், மூன்றாம் ஜான் என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். இரண்டாம் ஜான் நைட் பட்டம் பெற்றவர், மணமாகாமல் 1479-ல் இறந்தார். அதனால் தாயின் மாட்பி நிலம் மூன்றாம் ஜானுக்கு வந்தது. 1463-க்குப் பிறகு 'சர்' என்ற பட்டம் இருந்தால் மூத்தவர் என்று பிரிக்கலாம். முன்னே சொன்ன தகுதிப் பட்டங்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன.

கடிதத்தில் ஆண்டே போடவில்லையே, தேதியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

திருநாள்களைக் கொண்டு. மார்கரெட்டைத் தன் மகன் முதன்முதலில் சந்தித்ததைப் பற்றி ஆக்னஸ் கணவருக்கு எழுதிய கடிதத்தில், பெண் அவனை இன்முகத்தோடு வரவேற்றாள், இருவருக்குமிடையே பெரிய பேச்சுவார்த்தை தேவைப்படாது என்று மகிழ்கிறார். தேதி என்று அவர் எழுதியது, குறிப்பிட்ட ஒரு லத்தீன் மன்றாட்டு ஓதப்படும் ஞாயிறுக்கு அடுத்த புதன்கிழமை. அது ஈஸ்டருக்குப் பின் மூன்றாம் ஞாயிறு. 1440-ல் ஈஸ்டர் மார்ச் 27 என்பதால், அந்தப் புதன் ஏப்ரல் 20. ஆண்டு எது என்பதைக் கடிதத்தில் வரும் செய்திகளைக் கொண்டு தனியாக நிறுவ வேண்டும்.

ஆண்டு எழுதியிருந்தாலும் சிக்கல் தீராது. அன்றைய ஆங்கிலப் புத்தாண்டு மார்ச் 25. மார்கரெட்டின் உயில் பிப்ரவரி 4 அன்று எழுதப்பட்டது. அவர்கள் கணக்கில் அது 1481, நம் கணக்கில் 1482. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான எந்தத் தேதியையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். ஓராண்டுப் பிழையால் குழந்தை, பெற்றோர் திருமணத்துக்கு முன்பே பிறந்துவிடும்.

ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணுக்கு என்ன ஆவணம் கிடைக்கும்?

மார்கரெட்டின் மகள் மார்ஜரி, குடும்பத்தின் காரியஸ்தர் ரிச்சர்ட் கால் என்பவருக்கு ரகசியமாகத் திருமண வாக்குக் கொடுத்தாள். அன்றைய திருச்சபைச் சட்டப்படி, 'உன்னை ஏற்கிறேன்' என்று இருவரும் நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டாலே திருமணம் செல்லும்; குருவும் சாட்சியும் இல்லாவிட்டாலும் செல்லும். 1469-ல் நாரிச் ஆயர் அவளை நேரில் விசாரித்தார். என்ன சொற்களைச் சொன்னாய் என்று கேட்டதற்கு, சொன்னவை கட்டுப்படுத்தாது என்றால் வீட்டுக்குப் போகுமுன் கட்டுப்படுத்தும்படி சொல்லிவிடுகிறேன் என்ற பொருளில் அவள் பதில் சொன்னதை, ஆத்திரம் அடங்காத தாய் தன் மகனுக்கு எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது என்று வேலைக்காரர்களுக்கு உத்தரவும் போட்டார்.

இப்படிப்பட்ட கல்யாணத்துக்கு நில ஒப்பந்தம் இருக்காது, ஃபைன் இருக்காது. தேட வேண்டியது திருச்சபை நீதிமன்ற ஏடுகளையும் மூத்தவர்களின் உயில்களையும். மார்கரெட் தன் உயிலில் மார்ஜரியின் மகன் ஜான் கால் என்பவனுக்கு 20 பவுண்டு எழுதிவைத்தார். மூத்த மகனுக்கு முறைப்படித் திருமணமாகாமல் பிறந்த கஸ்டன்ஸ் என்ற பேத்திக்கும் பணம் ஒதுக்கினார். இருவரையும் உறவுமுறையோடு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்.

அரசரே முத்திரையிட்டு உறுதிசெய்த வம்சாவளி என்றால் நம்பலாம்தானே?

பாஸ்டன் குடும்பத்தின் கதையையே கேளுங்கள். 1465-ல் முதலாம் ஜான் லண்டன் ஃப்ளீட் சிறையில் இருந்தார். அவர் குடும்பம் கொத்தடிமை வழிவந்தது என்று எதிரிகள் சொல்லிவந்தார்கள். அவர்கள் பக்கம் எழுதிய குறிப்பொன்றில், தாத்தா கிளமென்ட் சாதாரண உழவர், மாவரைக்கத் தானிய மூட்டையைத் தனக்கடியில் போட்டுக்கொண்டு சேணமில்லாத குதிரையில் ஆலைக்குப் போவார், பாட்டி பியாட்ரிஸ் கொத்தடிமைப் பெண் என்றெல்லாம் இருக்கிறது. 1466-ல் ஜான் இறந்தார். அதே ஆண்டு கோடையில், பாஸ்டன்கள் நார்மன் வெற்றிக் காலத்திலிருந்தே மதிப்புமிக்க குருதியில் வந்த கனவான்கள் என்று நான்காம் எட்வர்ட் அரசர் அறிவித்தார். குடும்பம் பழைய பத்திரங்களைக் காட்டி நிரூபித்ததாம்.

எதிரியின் குறிப்பில் வன்மம் இருக்கிறது, அரசரின் அறிவிப்பில் அரசியல் இருக்கிறது. ஆனால் மூட்டைமேல் உட்கார்ந்து ஆலைக்குப் போன கிளமென்டை என்னால் கண்முன் பார்க்க முடிகிறது. நார்மன் காலத்து முன்னோரைப் பார்க்க முடியவில்லை. 1530 முதல் மாவட்டம் மாவட்டமாகச் சென்று குடும்பச் சின்னங்களைச் சரிபார்க்கும் அதிகாரிகள் தொகுத்த வம்சாவளிகளும் குடும்பத்தார் சொன்னதைக் கேட்டு எழுதியவைதான்: தாத்தா வரை பெரும்பாலும் சரியாக இருக்கும், அதற்கு மேலே ஏற ஏற ஆசை கலந்திருக்கும்.

விசாரணை ஆவணத்தில் நிலமே இல்லை என்று வருகிறது. ஏழையாகிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. 15ஆம் நூற்றாண்டில் நிலத்தை நம்பகமான நண்பர்கள் சிலர் பெயருக்கு மாற்றிவைத்து, பயனைத் தான் அனுபவிப்பது பெருவழக்காகிவிட்டது. இறக்கும்போது சட்டப்படி நிலம் தன் பெயரில் இல்லாததால் அரசரின் காப்பாளர் உரிமை தப்பிவிடும். உயிலில் விரும்பியவருக்கு எழுதவும் முடியும். ஆகவே விசாரணை வெறுமையாக இருந்தால், நம்பிக்கையாளர்களின் பெயர்களைப் பிடித்துக்கொண்டு பத்திரங்களைத் தேடுங்கள். மனைவியின் சகோதரர்களும் தாய்மாமன்களும் அந்தப் பட்டியலில் அடிக்கடி இருப்பார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, டிஎன்ஏ பரிசோதனை செய்தால் போதாதா?

சாதாரணப் பரிசோதனை இந்தத் தொலைவுக்கு எட்டாது. ஒவ்வொரு தலைமுறையிலும் மரபுப் பொருள் பாதியாகக் குறைவதால், 500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒருவரிடமிருந்து நம்மிடம் எதுவுமே வந்திராமலும் போகலாம். தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அப்படியன்று. 2012-ல் லெஸ்டர் நகரில் கிடைத்த எலும்புக்கூடு மூன்றாம் ரிச்சர்ட் அரசருடையது என்று உறுதியானதில், அவரது சகோதரியின் பெண்வழியில் வந்தவர்களின் மாதிரி பெரும்பங்கு வகித்தது. அதே ஆய்வில் ஆண்வழி மாதிரி பொருந்தவில்லை. வம்சாவளித் தாளில் உள்ள ஏதோ ஒரு தகப்பன் உண்மையில் தகப்பனல்ல.

ஆனால் கவனியுங்கள், அந்தப் பெண்வழியைக் கண்டுபிடித்ததே காகித ஆவணங்களைக் கொண்டுதான். ஒப்பிட இரண்டு முனைகளும் இருந்தால் மட்டுமே பரிசோதனைக்குப் பொருள் உண்டு. மார்கரெட்டின் எலும்பு நம்மிடம் இல்லை.

லத்தீன் தெரியாது, இங்கிலாந்துக்குப் போகவும் வழியில்லை. ஏதாவது செய்ய முடியுமா?

நிறையச் செய்யலாம். விசாரணை ஆவணங்களில் பெரும்பகுதியின் ஆங்கிலச் சுருக்கம் அச்சில் வந்திருக்கிறது. பல மாவட்டங்களின் ஃபைன்களும் அப்படியே. பாஸ்டன் கடிதங்கள் 1787 முதலே அச்சில் உள்ளன. லத்தீனைப் பொறுத்தவரை வாய்பாடாக வரும் சொற்களே திரும்பத் திரும்ப வரும்: 'ஃபிலியா' மகள், 'உக்ஸோர்' மனைவி, 'ரெலிக்டா' கைம்பெண், 'ஹேரெஸ்' வாரிசு. முப்பது சொற்கள் தெரிந்தால் முக்கால் பங்கு விளங்கிவிடும். மாட்பி என்ற பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் தேட மறவாதீர்கள்.

மார்கரெட்டின் கல்லறையைப் பார்க்க முடியுமா?

மாட்பி தேவாலயம் இன்றும் நிற்கிறது. ஆனால் அவர் இடம் கேட்ட தென்புறச் சிறகு இப்போது இல்லை; அதோடு கல்லும் போய்விட்டது. அதில் என்ன பொறிக்கப்பட வேண்டும், எந்த மூலையில் எந்தக் கேடயம் வர வேண்டும் என்று 1482 பிப்ரவரியில் அவர் சொல்லி எழுதவைத்த உயில் மட்டும் இருக்கிறது.